செம்மண்ணைக் கொட்டிவிட்டு கோகோ பீட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஆடிப்பட்டத்துக்கு விதைத்தவர்கள் ஆவணியில் என்னை போனில் கூப்பிடுவது வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த ஆவணியில் பதினைந்து நாளுக்குள் நான்கு மொட்டை மாடி ஏறி இறங்கிவிட்டேன், நான்கிலும் ஒரே கதை. கடைசியாகப் பார்த்தது சென்னை பாலவாக்கத்தில், ஓய்வுபெற்ற ஒரு சார் வீட்டில். ஷேட் நெட் போட்ட குடில், 42 குரோ பேக், தக்காளியும் குடைமிளகாயும். மூன்று வருஷமாகச் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நன்றாகவே வளர்த்துக்கொண்டிருந்தவர், இந்த முறை அத்தனையையும் கீழே கொட்டிவிட்டு முழுக்க முழுக்கக் கோகோ பீட்டுக்கு, அதாவது தென்னை நார்த்தூளுக்கு, மாறியிருக்கிறார். இலை ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி தீய்ந்திருந்தது, பையின் விளிம்பில் வெள்ளையாக ஒரு உப்பு வளையம். அதை விரலால் சுரண்டிக் காட்டினேன். “ஏம்மா, இயற்கைப் பொருள்தானே, அது எப்படிம்மா செடியைக் கருக்கும்?” என்றார்.

கடல் நீரும் இயற்கைதான் சார்.

வீடியோ பார்த்து மாறினேன் என்றார். வாங்கிப் பார்த்தால், கனடாவில் கஞ்சா வளர்ப்பவர் ஒருவர் எடுத்தது. அங்கே 2018-லிருந்து அது சட்டப்படி வளர்க்கும் பயிர். பசுமைக்குடிலில் மண்ணை விட்டுவிட்டுத் தென்னை நாரில் வளர்ப்பதில் அவர்கள் கில்லாடிகள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. (நம்மூரில் அந்தச் செடியை வைத்தால் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் வீடு தேடி வரும், நாம் தக்காளியோடு நிற்போம்.) ஆனால் அவர் கையில் இருப்பது கழுவி, பதப்படுத்தி, பையில் உப்பின் அளவு அச்சிட்டு வந்த சரக்கு; ஊற்றுவது உப்பு நீக்கிய தண்ணீர். அது பொள்ளாச்சிப் பக்கத்து நாராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. உங்கள் கையில் இருப்பது ரோட்டோரக் கடையில் விலை குறைவு என்று வாங்கிய கட்டி, ஊற்றுவது கடலோர ஈசிஆர் பக்கத்துப் போர் தண்ணீர். அவர் சொன்ன உர அட்டவணையை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால் எப்படி?

சரி, எனக்கு எரிச்சல் வரவழைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். “கோகோ பீட்டே உரம்தானே, எதற்குத் தனியாக உரம்?” என்று கேட்காத ஆளே இல்லை. இல்லை. இல்லவே இல்லை. இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். ‘தென்னை நார்க்கழிவு உரம்’ என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நார்க்கழிவோடு யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காக்க வைத்து, மாதக்கணக்கில் மக்கவிட்டு எடுப்பது; கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கும் முறை. அது கறுப்பாக, மண் வாசனையோடு இருக்கும். நீங்கள் வாங்குகிற 5 கிலோ கட்டி அதுவல்ல. மக்காத நார்த்தூளை அமுக்கிக் கட்டியாக்கியது. அதில் கரிமச்சத்து நூறு பங்குக்கு மேல் இருந்தால் தழைச்சத்து ஒரு பங்கு இருக்கும், அவ்வளவுதான். அதை மக்கவைக்கப் பார்க்கும் நுண்ணுயிர்கள் நீங்கள் போடும் தழைச்சத்தையும் முதலில் தாங்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் செடிக்குத் தரும். சுருக்கமாக, சோறு போடாத தட்டு. அதுவும் உப்புப் படிந்த தட்டு.

அந்த உப்பைக் கழுவுவதிலும் ஒரு தவறு. கட்டியை ஊறவைத்தால் டீ டிக்காஷன் மாதிரி தண்ணீர் இறங்கும். இரண்டு முறை பிழிந்ததும் நிறம் வெளுக்கிறது, உடனே “கழுவிட்டேன் மேடம்” என்கிறார்கள். நிறம் தருவது டேனின் என்கிற துவர்ப்புப் பொருள். உப்புக்கு நிறம் கிடையாது. பழைய நர்சரிக்காரர்கள் பிழிந்த தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, கரிக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். நமக்கு அந்த நாக்கு இல்லை, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு இசி மீட்டர் வாங்குங்கள். பாலவாக்கத்தில் பைக்கு அடியில் இறங்கிய தண்ணீரை அளந்தேன், இசி 4.1. அப்புறம் குழாயைத் திறந்து போர் தண்ணீரையே அளந்தேன், 2.6. பிஞ்சு பிடித்த தக்காளிக்கு உரத்தோடு சேர்த்தே இசி இரண்டு, இரண்டரைதான் கொடுப்போம். தண்ணீரிலேயே அது நிறைந்துவிட்டால் உரத்துக்கு எங்கே இடம்? அந்தத் தண்ணீரில் நூறு முறை கழுவினாலும் நார் 2.6-க்குக் கீழே வராது. மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் மெட்ரோ தண்ணீர். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் ஊற்றுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு ஒரு கும்பிடு. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள் அதை.

கழுவிய பிறகும் வேலை முடியவில்லை. நாரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது, கால்சியம் வந்து தள்ளினால்தான் இறங்கும். ஒரு 5 கிலோ கட்டிக்கு நான் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் வடித்து, நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி எடுப்பேன். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் போடும் கால்சியத்தை நாரே பிடித்து வைத்துக்கொள்ளும், தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழியும். அதைப் பார்த்துவிட்டுப் பூச்சிமருந்து அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேனே என்பார்கள். அந்த ஓடு கரைந்து செடிக்குப் போய்ச் சேருவதற்குள் உங்கள் பயிரே முடிந்திருக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்ஃபேட்) கெட்டியாக ஒரே கேனில் கரைக்காதீர்கள், அடியில் மாவு மாதிரி படிந்துவிடும். வேறு வேறு கேன், வேறு வேறு நாள். கடையில் விற்கும் 19:19:19 உரத்தில் கால்சியம் துளியும் கிடையாது, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

தண்ணீர் விடுவதும் மண்ணைப் போல இல்லை. மேலே வெளுத்துக் காய்ந்து கிடக்கும், விரலை இரண்டு அங்குலம் விட்டால் உள்ளே சொதசொதவென்று இருக்கும். கண்ணை நம்பாமல் பையைத் தூக்கிப் பாருங்கள், நான்கு நாளில் கைக்கே கனம் பழகிவிடும். முழுதாகக் காயவும் விடக்கூடாது, காய்ந்தால் உள்ளிருக்கும் உப்பு இறுகி வேரைச் சுடும். வெயில் நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வெளியேற வேண்டும். தளத்தில் ஒழுகுகிறது, கீழ்வீட்டம்மா சண்டைக்கு வருகிறார் என்று தட்டு வைத்து அந்தத் தண்ணீரைத் தேக்கினால், வெளியேற்றிய உப்பையே செடிக்குத் திருப்பிக் குடிக்கக் கொடுக்கிறீர்கள். பைப் போட்டு வடிகாலுக்கு விடுங்கள். ஐப்பசி அடைமழையில் நிலைமை தலைகீழ்: உரமெல்லாம் இரண்டே நாளில் அடித்துக்கொண்டு போய்விடும். ஷேட் நெட் மழையைத் தடுக்காது, மேலே பாலித்தீன் ஷீட் வேண்டும்.

இவ்வளவும் சொல்வதால் நான் கோகோ பீட்டுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். பழைய கட்டடத்துத் தளத்துக்கு அது பெரிய நிம்மதி, நனைந்த செம்மண் பையின் கனத்தில் பாதிக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும். என் நாற்றுத் தட்டுகள் எல்லாமே அதில்தான். ஆனால் தினம் அளந்து, தினம் கரைத்து ஊற்ற நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் வெறும் நார் சரிப்படும். பஞ்சகவ்யாவும் மண்புழு உரமும் போதும், வாரக்கடைசியில்தான் மாடிக்கு வருவேன் என்றால் தயவுசெய்து மண்ணை விடாதீர்கள். மண் ஒரு பங்கு, கழுவிய நார் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கனமும் குறையும், உங்கள் தப்புகளையும் அது பொறுத்துக்கொள்ளும். கண்டிப்பாக மாறியே தீருவேன் என்றால் முதலில் இரண்டே இரண்டு பை, ஒரு பட்டம் முழுக்க. நாற்பத்திரண்டு வேண்டாம்.

பாலவாக்கத்து சாருடைய குடைமிளகாயில் பாதியைக் காப்பாற்றிவிடலாம், தக்காளி போனது போனதுதான். நல்லவேளையாக, அவர் கொட்டிய செம்மண் எதிர் காலிமனையில் அப்படியே குவிந்து கிடக்கிறது, அதில் யாரோ போட்ட கத்தரி விதை முளைத்து நிற்கிறது. மழை தொடங்குவதற்குள் பாதியையாவது மேலே ஏற்றிவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். “மூணு மாடிம்மா” என்றார்.