மோதிரத்துக்குள் நுழையும் சால்வை

ரஷ்யாவின் ஒரென்பர்க் சால்வைக்கு ஒரு பழைய பரீட்சை உண்டு. கல்யாண மோதிரத்துக்குள் நுனியை விட்டு இழுத்தால், ஒன்றரை மீட்டர் சதுரச் சால்வை முழுசாக அந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். இவ்வளவு மெல்லிசான துணி எப்படிக் குளிரைத் தாங்கும்?

விஷயம் ஆட்டில் இருக்கிறது. தெற்கு யூரல் மலைப்பகுதியின் வெள்ளாடுகளுக்கு இரண்டு அடுக்கு மயிர். வெளியே முரட்டு மயிர்; அதன் அடியில், குளிர்காலத்துக்கென்றே முளைக்கும் பஞ்சு போன்ற உள்மயிர். குளிர் முடியும் சமயம் அது தானாகவே கழலத் தொடங்கும். அப்போது சீப்பால் வாரி எடுத்துவிடுவார்கள். ஓர் இழையின் தடிமன் சுமார் 16 முதல் 18 மைக்ரான். நம் தலைமுடி இதைப்போல நாலைந்து மடங்கு.

உண்மையில் நம்மைக் கதகதப்பாக வைப்பது மயிர் அல்ல, அதற்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். ஆனால் நகர விட்டால் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். இழையின் தடிமன் பாதியானால், அதே எடையில் நான்கு மடங்கு நீள இழை கிடைக்கும். இடைவெளிகள் சிறுக்கும், காற்று சிக்கிக்கொள்ளும். அழுத்தினால் அந்தக் காற்று வெளியேறிச் சால்வை சுருங்கும். மோதிர வித்தையின் ரகசியமும் இதுதான்.

ஆனால் பலத்த காற்றுக்கு முன்னால் இந்த மெல்லிய வகை பாவம்தான். ‘பவுதீன்கா’ எனப்படும் வலைபோல் துளைகள் விட்ட இந்தப் பின்னல் விசேஷ நாட்களுக்கானது. உறைபனிக்கென்று தடித்த சாம்பல் நிறச் சால்வை தனியாக உண்டு. அதைக் குறுக்கே மடித்துத் தலையில் போட்டு, முனைகளை மார்பில் மாற்றிக் கட்டி, முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுவார்கள். கழுத்தில் இரண்டு அடுக்கு, மார்பில் நான்கு அடுக்கு.

உள்மயிர் குட்டை, தனியாக நூற்றால் எளிதில் அறுந்துவிடும். அதனால் மெல்லிய பட்டு இழையோடு சேர்த்து முறுக்குகிறார்கள். பலத்தைப் பட்டு பார்த்துக்கொள்ளும். புதிதில் சற்று வழவழப்பாகத் தெரியும் சால்வை, போர்த்தப் போர்த்த மயிர்நுனிகள் எழும்பிப் புசுபுசுவென்று ஆகும். பழசு புதிதைவிட அழகாக இருக்கும் அபூர்வத் துணிகளில் இதுவும் ஒன்று என்பேன்.

துவைப்பதில்தான் கவனம் வேண்டும். ஒவ்வொரு மயிரின் மேலும் நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி கட்டிப்போகும், காற்றுக்கு இடமே இருக்காது. வெதுவெதுப்பான நீரில் அலசி, பிழியாமல் நீரை ஒற்றியெடுத்து, ஓரத்துப் பல்பல்லான முனைகளில் நூல் கோத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பதுதான் அங்குள்ள வழக்கம்.