மெலே: கைகலப்பும் கைவிடாப் படையும்

இணையவழிப் போர் விளையாட்டு ஒன்றில் புதிய ஆயுதங்களைச் சேர்க்க வேண்டும் என்று யோசனை சொல்வோர், ஆயுதத்தின் பெயருக்கு முன்பே அதன் வகையைக் குறிப்பிட்டுவிடுகின்றனர்: 'ஒன் ஹேண்டட் மெலே வெப்பன்'. ஒரு கையால் பிடித்து, எதிரியை நெருங்கி நின்று தாக்கும் ஆயுதம் என்பது இதன் பொருள். இத்தொடரின் முதற்சொல்லுக்கும் இறுதிச்சொல்லுக்கும் தமிழ் உடனே கிடைத்துவிடுகிறது. நடுவில் நிற்கும் 'மெலே' மட்டும் பெரும்பாலும் அப்படியே ஒலிபெயர்க்கப்படுகிறது; இல்லையேல் 'கைச்சண்டை' என்று பெயர்க்கப்பட்டு, வாளும் கோடரியும் ஏந்தி நிற்பவனை வெறுங்கையனாக்கிவிடுகிறது.

மெலே பிரெஞ்சு வழியாக வந்த சொல். கலத்தல் எனப் பொருள்படும் 'மிஸ்கேரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து 'மிஸ்குலாரே' தோன்றி, அது பழைய பிரெஞ்சில் 'மெஸ்லேர்' ஆயிற்று. அதிலிருந்து பிறந்த 'மெஸ்லே' என்னும் பெயர்ச்சொல்லில் இருந்த சகர ஒலி காலப்போக்கில் மறைந்தது. இன்றைய பிரெஞ்சு எழுத்தில் முதல் உயிரெழுத்தின் மேல் இடப்படும் கூரை போன்ற குறி அந்த மறைவின் அடையாளமாக நிற்கிறது. பல பாடல்களைக் கலந்து தருவதைக் குறிக்கும் 'மெட்லி' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆங்கிலம் இச்சொல்லைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. அமெரிக்க ஒலிப்பைப் பின்பற்றினால் தமிழில் 'மேலே' என்று எழுத வேண்டியிருக்கும். அது இடத்தைக் குறிக்கும் நம் சொல்லோடு மயங்கும் என்பதால், ஒலிபெயர்த்தே தீர வேண்டிய இடங்களில் முதலெழுத்தைக் குறிலாக்கி 'மெலே' என எழுதுவதே நல்லது.

தொடக்கத்தில் இச்சொல் எந்த ஆயுதத்தையும் குறிக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் குதிரைவீரர்கள் இரு அணிகளாகப் பிரிந்து பரந்த வெளியில் மோதிய போட்டிகளில், அணிவகுப்பு குலைந்து, யார் எவருடன் பொருதுகிறார் என்று பிரித்தறிய முடியாதபடி இரு தரப்பும் கலந்துபோன அந்த நிலையே மெலே எனப்பட்டது. தனிவீரர் இருவர் ஈட்டி நீட்டி எதிரெதிரே பாய்ந்து வரும் போட்டி இதனின்று வேறானது. ஆகவே இச்சொல்லின் உயிர்ப்பொருள் நெருக்கமும் கலப்பும் ஆகும். ஒருவனோடு ஒருவன் பொருதும் போருக்கு அது முதலில் உரியதாக இருக்கவில்லை.

அது ஆயுத வகையின் பெயராக மாறியதில் மேசைப் போர் விளையாட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1971இல் வெளிவந்த 'செயின்மெயில்' என்னும் விளையாட்டின் விதிகள், அம்பும் எறிபடையும் பாயும் கட்டத்தையும் படைகள் உடலோடு உடல் மோதும் கட்டத்தையும் தனித்தனியே நடத்தின; பின்னதற்கு மெலே என்று பெயர். 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதைமாந்தர் வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டு அந்த விதிகளின் மீது வளர்ந்ததே. போரின் ஒரு கட்டத்துக்கு வழங்கிய பெயர், அக்கட்டத்தில் பயன்படும் ஆயுதத்துக்கும், பின்னர் அந்த ஆயுதம் எட்டும் தொலைவுக்கும் அடையாயிற்று. கணினி விளையாட்டுகள் இந்தப் பாகுபாட்டை அப்படியே பெற்றுக்கொண்டன. அங்கே மெலே என்பதற்கு எதிர்ச்சொல் தொலைவிலிருந்து தாக்குவது என்பதாகும்.

தமிழில் இதற்கு ஈடு தேடும்போது முதலில் எதிர்ப்படுவது 'கைகலப்பு'. இது வியக்கத்தக்க பொருத்தம். பிரெஞ்சுச் சொல்லின் வேரில் உள்ள 'கலத்தல்' என்ற கருத்து, எந்தக் கடனும் இல்லாமல், தமிழ்ச் சொல்லிலும் நிற்கிறது. போரின் அந்த நிலையைச் சொல்ல இதைவிடச் சிறந்த சொல் வேண்டியதில்லை. ஆனால் இன்றைய செய்தி வழக்கில் கைகலப்பு என்பது வாய்ச்சண்டை முற்றி இரு தரப்பினர் அடித்துக்கொள்வதைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டதால், 'கைகலப்பு ஆயுதம்' என்று எழுதினால் வாசகர் மனத்தில் போர்வாள் தோன்றாது. ஆகையால் போரைச் சொல்லும்போது கைகலப்பு என்பதைக் கொள்ளலாம். ஆயுத வகைக்கு வேறு சொல் வேண்டும்.

அச்சொல் நம் பழைய வழக்கில் இருக்கிறது. அம்பைப் போலக் கையை விட்டு நீங்கித் தாக்குவது கைவிடுபடை. வாளைப் போலக் கையிலேயே இருந்து தாக்குவது கைவிடாப்படை. வடமொழி வழியாக வந்த அத்திரம் (கைவிடுவது), சத்திரம் (கைவிடாதது) என்னும் பாகுபாடும் இதுவே. இங்குப் படை என்பது சேனையைக் குறிக்காமல் ஆயுதத்தைக் குறிக்கிறது. சேனை என்ற பொருளே இன்று முந்தி நிற்பதால், ஐயம் எழும் இடங்களில் 'கைவிடாப் படைக்கலம்' என்று விரித்து எழுதலாம். 'அண்மை ஆயுதம்' என்னும் புதிய ஆக்கமும் பிழையற்றதே. எனினும் அது தொலைவை அளப்பதோடு நின்றுவிடுகிறது. கைவிடாப்படை என்பதோ கைக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவைச் சொல்கிறது. விளையாடுபவர் உணர்வதும் அந்த உறவைத்தான் என்பதால் எனக்கு இச்சொல்லே உவப்பானது.

ஒரு தடை உண்டு. எறிகோடரியும் வேலும் இரு வகையிலும் அடங்குவன. திருக்குறளின் 774ஆம் குறளில் வரும் வீரன் கைவேலை யானையின் மீது எறிந்துவிட்டு, தன் உடலில் தைத்திருந்த வேலைப் பறித்து மகிழ்கிறான். அவன் கையிலிருந்த வேல் ஒரு நொடியில் கைவிடுபடை ஆகிவிடுகிறது. 'எறிதல்' என்ற வினைக்கே பழந்தமிழில் வீசுதல், வெட்டுதல் என்னும் இரு பொருளும் உண்டு. எனவே வகையை ஆயுதத்தின் உருவத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், விளையாட்டில் அது செய்யும் முதன்மைத் தொழிலைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

'ஒன் ஹேண்டட்' என்பதற்கு 'ஒற்றைக்கை' என்று எழுதுவோர் உளர். அது ஒரு கை மட்டுமே உள்ளவரையும் சுட்டக்கூடும் என்பதால் 'ஒருகைப் படைக்கலம்' என்பதே தெளிவானது. இதன் எதிரிணை இருகைப் படைக்கலம். கைக்கு ஒன்றாக இரண்டு ஆயுதம் ஏந்துவது வேறு, அதனை 'இரட்டைப் படைக்கலம்' எனப் பிரித்துக் கூற வேண்டும். ஒரு கையாலும் இரு கையாலும் வீசத்தக்க வாளை 'ஒன்றரைக் கை வாள்' எனலாம். 2004இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணையவழி விளையாட்டு ஒருகை ஆயுதங்களுக்குள்ளேயே எக்கையிலும் ஏந்தத்தக்கவை, முதன்மைக் கைக்கு மட்டும் உரியவை, மற்றக் கைக்கு மட்டும் உரியவை என்று பிரிவு செய்தது. பின்னிரண்டையும் முதற்கை, துணைக்கை எனலாம். வலக்கை, இடக்கை என்பன இடக்கைப் பழக்கமுள்ளவருக்குப் பொருந்தா. ஆயுதப் பட்டியலில் 'கைவிடாப் படைக்கலம்' என்பதைத் தலைப்பாக வைத்து, அதன்கீழ் 'ஒருகை', 'இருகை' என்று பிரித்துவிட்டால் நீண்ட தொடரைத் திரும்பத் திரும்ப எழுதும் தேவையும் இல்லை.

சொல்லின் பொருள் தெளிந்தால் யோசனைகளும் தெளியும். ஒருகைப் படைக்கலம் என்ற பெயரே துணைக்கை வேறு பணிக்கு ஒழிவாக இருக்கிறது என்று அறிவிக்கிறது. ஆகவே புதிய ஆயுதம் ஒன்றை முன்வைப்பவர் அதன் தாக்கும் திறனையும் வீச்சு வேகத்தையும் மட்டும் எழுதினால் போதாது. துணைக்கையில் என்ன இருக்கும், அது எவ்வாறு துணை நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டாரி என்னும் குத்துவாளை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குப்பிடியை முட்டிக்குள் இறுக்கிப் பிடிக்கும்போது அலகு முன்கைக்கு நேராக நிற்பதால், உடலின் முழு எடையையும் குத்தில் செலுத்த இயலும். எட்டும் தொலைவு மிகக் குறைவு. அதற்கு ஈடாகக் கவசத்தை ஊடுருவும் திறனை மிகுதியாக வைக்கலாம். நெருங்கும் வரை உயிர் காக்கத் துணைக்கையில் கேடயம் தேவை.

மான்கொம்பு இதற்கு நேர்மாறானது. இரு கொம்புகள் எதிரெதிர்த் திசையில் நீள, நடுவில் பிடி அமைந்த அந்த ஆயுதம் தடுக்கவும் குத்தவும் பயன்படுவதால், அதனைத் துணைக்கைக்கே உரியதாக்கி, சரியான நொடியில் தடுத்தால் முதற்கையின் அடுத்த வீச்சு விரைவுபெறும் என்று விதி செய்யலாம். வெண்கலக் காலத்து எகிப்தின் வளைவாளான 'கோபேஷ்' எதிரியின் கேடயத்தைக் கொக்கி போல இழுத்து விலக்கும் ஆயுதமாக அமையலாம்.

இவற்றுள் மிகக் கடினமானது சுருள்வாள். வளையும் நீண்ட எஃகுத் தகடாகிய அது ஒரு கையால் சுழற்றப்படுவது. கையை விட்டு நீங்குவதில்லை. ஆயினும் எட்டும் தொலைவில் இருகை வாள்களையும் மிஞ்சக்கூடும். அண்மை ஆயுதம் என்ற பெயரின்கீழ் அதை வைத்தால் தொலைவைக் குறைத்து அதன் இயல்பைக் கெடுக்கத் தோன்றும். கைவிடாப்படை என்ற தலைப்பின்கீழ் அது தன் முழு நீளத்தோடு அடங்கும். அந்த நீளத்துக்கு உரிய விலையைச் சுழற்சியில் வைக்க வேண்டும்: சுழற்சி நின்றால் தகடு தொய்ந்து தாக்கும் திறனை இழக்க வேண்டும், நெருங்கி வந்த எதிரிக்கு எதிராக அது பயன்படாமல் போக வேண்டும், தவறான நேரத்தில் திருப்பினால் ஏந்தியவனையே காயப்படுத்த வேண்டும்.