ஆபரேஷன் தள்ளிப்போனதை நோயாளியிடம் யார் சொல்வது?

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். பாகூர், நெல்லிக்குப்பம், மரக்காணம், திண்டிவனம் என்று பல ஊர்க்காரர்கள் வருவார்கள். நர்ஸ்களிடம் கனிவே இல்லை என்ற குறை அடிக்கடி காதில் விழும். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 'சிரித்த முகத்தோடு பேசுங்கள்' என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் கனிவு வந்துவிடுமா? வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டர் அங்கே என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது வரும் என்பது என் எண்ணம்.

ஆபரேஷனுக்கு முன்னால் இருக்கச் சொல்லும் பட்டினியையே எடுத்துக்கொள்ளுங்கள். "ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாது" என்று எல்லோருக்கும் ஒரே உத்தரவு போட்டுவிடுகிறோம். லிஸ்டில் முதல் ஆளுக்கும் அதுதான், நாலாவது ஆளுக்கும் அதுதான். மயக்கவியல் வழிகாட்டுதல்கள் இவ்வளவு கடுமையாக இல்லை. வேறு சிக்கல் இல்லாதவருக்கு, திட்டமிட்ட ஆபரேஷன் என்றால், லேசான உணவை 6 மணி நேரம் முன்பு வரையிலும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரையிலும் அனுமதிக்கலாம் என்கின்றன.

அக்னி நட்சத்திர வெயில். எழுபது வயதுப் பெரியவர், சுகர் வேறு. நாக்கு வறண்டு கிடக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு, இன்றைக்கு அவருக்கு ஆபரேஷன் இல்லை என்று ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வருகிறது. ரிஜிஸ்டரில் எழுதியாகிவிட்டது. அவரிடம் போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நர்ஸ் நினைக்கிறார், நர்ஸ் சொல்லியிருப்பார் என்று டாக்டர் நினைக்கிறார். மூன்றரை மணிக்கு மகள் வந்து, "சிஸ்டர், அப்பாவை எப்பக் கூப்பிடுவாங்க?" என்று கேட்கும்போதுதான் பெரியவருக்கே விஷயம் தெரிகிறது. கல்நெஞ்சக்காரர் என்று யாரையும் சொல்ல முடியாது. அது யார் வேலை என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

எனக்கு சீனியராக இருந்த ஒரு சிஸ்டர் இதற்கு ஒரு வழி செய்தார். தியேட்டர் போனை எடுக்கிறவரே பெட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், சொன்ன நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், டாக்டரைக் கேட்டுக் கஞ்சியோ காபியோ வரவழைக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே யார் யார் எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்று மயக்க டாக்டரிடம் கேட்டுத் தலைமாட்டில் எழுதி மாட்டவும் வைத்தார். (குடல் அடைப்பு, கர்ப்பம், அவசர ஆபரேஷன் இதற்கெல்லாம் கணக்கு வேறு. அதனால் நேரத்தை நாமாக முடிவு செய்வதில்லை.) இதற்காகப் பத்து பைசா செலவாகவில்லை.

மே 12, நர்ஸ்கள் தினம் வந்தால் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறோம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் விளக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நாம் இருக்கும்போது நடக்கிற கவனிப்பு, நாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்து வைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் 1859-இல் ஒரு அத்தியாயமே எழுதிவைத்ததைத்தான் யாரும் பேசுவதில்லை.

டியூட்டி மாறும்போது நடப்பதும் இதே கதைதான். கவுண்டரில் நின்றபடி "பன்னிரண்டாம் பெட், ஹெர்னியா, ஸ்டேபிள்" என்று ஒப்படைத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பெட்டருகில் போய், பேர் சொல்லி ஒப்படைத்தால், "ராத்திரி ஊசி போட்ட கை வீங்கியிருக்கும்மா" என்று அவரே காட்டுவார். பக்கத்துப் பெட்டுக்குக் கேட்கக் கூடாத விஷயங்களை மட்டும் தள்ளி நின்று பேசிக்கொள்ளலாம்.

ஜூனியர் பிள்ளைகளை நோயாளி முன்னால் வைத்துத் திட்டும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. திட்டு வாங்கின பெண் அடுத்த தடவை மருந்து மாறிப்போனால் வாயைத் திறக்க மாட்டாள். எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. பயமில்லாமல் சொல்ல முடிந்ததால் பிழைகள் வெளியே வந்தன என்ற முடிவுக்குப் பிறகு வந்தார். 'எங்கள் வார்டில் தப்பே நடக்கவில்லை' என்கிற ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஆள் பற்றாக்குறையைச் சொல்லாமல் இதையெல்லாம் பேசுவது நியாயமில்லை. போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல். நைட் டியூட்டி பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கூடுதல் ஆள் வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் எழுத்தில் கேட்பதும், கேட்டுக்கொண்டே இருப்பதும் இன்சார்ஜின் வேலைதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் முதல் நாளே மூன்று விஷயம் கேட்டுவையுங்கள்: லிஸ்டில் எத்தனாவது, தண்ணீர் எத்தனை மணி வரை, காலையில் சுகர், பிரஷர் மாத்திரை போடலாமா. மதியம் தாண்டியும் கூப்பிடவில்லை என்றால் இன்சார்ஜ் சிஸ்டரைப் பார்த்துக் கேளுங்கள். தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.