ஏச்சு வருது, ‘தண்ணி’ வரலையே!

சுத்தமல்லியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பக்கவாதம் வந்ததுலேருந்து அப்பாவுக்குத் ‘தண்ணி’ன்னு கேக்க வரல. ஆனா ஒண்ணுலேருந்து இருவது வரை எண்ணுதாவ, சாமி பாட்டு பாடுதாவ, கோவம் வந்தா நல்லாவே ஏசுதாவ. நடிக்காவளோன்னு சொந்தத்துல பேசுதாங்க.”

நடிப்பில்லை. இடது மூளையின் முன்பகுதி அடிபட்டால் பேச்சு போகும் என்பது 1860-களில் பாரிஸ் மருத்துவர் புரோக்கா காட்டியது. மற்றவர் சொல்வது பெரும்பாலும் புரியும். பதில் வாயில் வராது. மூளை அடிபட்டுப் பேச்சு கெடும் ‘அஃபேசியா’வில் இது ஒரு வகை. நாக்குத் தளர்ந்து பேச்சு குளறுவது வேறு கோளாறு.

புதிதாக ஒன்றைச் சொல்ல, சொல்லைத் தேடி, வரிசைப்படுத்தி, அசைக்கு அசை வாயசைவைத் திட்டமிட வேண்டும். கெட்டுப்போனது அந்த வேலைதான். எண்ணிக்கையும் பாட்டும் ஏச்சும் சொல்லிச் சொல்லி மொத்தமாகப் பதிந்தவை; முதல் அசை கிளம்பினால் மீதி தானாக வரும். இவற்றுக்கு வலது மூளையும் கைகொடுப்பதாகக் கருதுகிறார்கள்.

இந்த வழியாகவே பேச்சை அழைத்துவரும் பயிற்சியை 1973-இல் பாஸ்டன் குழு ஒன்று வெளியிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சிகிச்சை இது. எதிரே உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘தண்-ணி-தா’ என்று அசைக்கு ஒரு தட்டு, நொடிக்கு ஓர் அசை. சுரம் இரண்டே போதும்: ‘ச’ என்னும் ஸட்ஜம், அதற்கு மேல் ‘க’வில் ஒரு வகையான சாதாரண காந்தாரம். வழக்கமாக எந்த அசையில் குரல் உயருமோ அதற்கு மேல்சுரம். முதலில் சொல்லில்லாமல் முனகல். அடுத்து இருவரும் சேர்ந்து பாடுவது. பிறகு பாதியில் நீங்கள் நிறுத்திவிட, அவர் முடிப்பார். அதன்பின் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் அடியை வாங்குவதுபோல, நீங்கள் பாடியதை அவர் தனியே திருப்பிச் சொல்வார். கடைசியாக “என்ன வேணும்?” என்று கேளுங்கள்; “தண்ணி தா” என்பது பதிலாக வரவேண்டும். ஒரு படியில் தடுக்கினால் முந்தைய படிக்குப் போங்கள். மறுபடியும் தடுக்கினால் அந்த வாக்கியத்தை அன்றைக்கு விட்டுவிடலாம். நன்றாக வந்தபின் சுரத்தைக் குறைத்துப் பேச்சாக்க வேண்டும். இடது கையைப் பிடிப்பது ஏனென்றால், அதை இயக்குவது வலது மூளை. வலது கைதான் பலருக்கு விழுந்திருக்குமே.

பலர் சறுக்குவது வாக்கியத் தேர்வில். ‘தண்ணீர் வேண்டும்’ என்று அவர் எந்தக் காலத்தில் வீட்டில் கேட்டார்? ‘வாரேன்’, ‘காப்பி தா’ போன்றவற்றையே எடுங்கள். தெரிந்த சாமி பாட்டையே பாடவைத்தால் பாட்டுதான் மெருகேறும். “இது என்ன, சொல்லுங்க பாப்போம்” என்று பரீட்சை வைப்பது இன்னும் மோசம். சரளமாகப் பேசியும் பொருளில்லாமல் பேசுகிறவர்களுக்கு, பிறர் சொல்வது புரியாதவர்களுக்கு, இந்த முறை பொதுவாகப் பொருந்தாது.

பலன் ராகத்தாலா, தாளத்தாலா? 2011-இல் ஜெர்மனியில் 17 நோயாளிகளிடம் சோதித்தபோது, பாடியதற்கும் தாளத்தோடு சொன்னதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தாளமும் பழகிய சொற்களுமே கைகொடுத்தன. ஆகவே உங்களுக்குச் சுதி சேராவிட்டால் கவலையில்லை, தட்டு பிசகாமல் இருக்கட்டும்.

பேச்சு வருமென்று வசம்பை இழைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். கோளாறு நாக்கில் இல்லை. பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதும் தடுமாறலாம். தடவியது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரலாம்.

கைகால் பயிற்சிக்கு 2021 முதல் அரசே வீடு தேடி ஆள் அனுப்புகிறது. பேச்சுக்கும் அப்படி அனுப்பக் காசு ஒதுக்கலாம். பயிற்சியாளர் வாரம் ஒருநாள் வந்து வாக்கியங்களை மாற்றிக்கொடுத்தால், மற்ற நாட்களில் தட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது.