போடி மலை உச்சியில தெரியுறது புகையா மேகமா?

ஜூன் மாசம் போடி பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி மேற்க பாத்தீங்கன்னா மலை உச்சி தெரியாது, வெள்ளையா ஒண்ணு மேல கவுந்து கெடக்கும், அதோட ஓரம் மட்டும் நம்ம பக்கம் வழிஞ்சு வந்து பாதி மலையிலயே காணாம போயிரும். வெளியூர்ல இருந்து கொழுக்குமலை ஜீப் ஏற வர்ற பசங்க இதைப் பாத்துட்டு "எரிமலையா ப்ரோ இது"ன்னு கேக்குறாங்க, சில பேரு கேக்காமலே ரீல்ஸ்ல அப்படியே போட்டும் விட்டுர்றாங்க.

எரிமலை இல்லங்க. இங்க இருக்குறது பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸும், ரெண்டுமே பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் கெடந்து உருமாறின கல்லு, வயசு 50 கோடி வருஷத்துக்கு மேல. லாவா வழிஞ்சு உண்டான மலை வேணும்னா இதே மேற்குத் தொடர்ச்சி மலையில வடக்க மகாராஷ்டிரா வரைக்கும் போகணும், அங்க 1646 மீட்டர் கல்சுபாய் மாதிரி மலைகள்ல 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஓடின பசால்ட் அடுக்கடுக்கா தெரியும். இப்பவும் உசுரோட இருக்குற எரிமலைன்னா இந்தியாவுக்கு அந்தமான்ல பேரன் (Barren) தீவு ஒண்ணுதான்.

சரி, அப்ப அந்த வெள்ளை எங்க இருந்து வருது? எங்கயோ உண்டான மேகம் மிதந்து வந்து மலையில முட்டி நின்னுருச்சுன்னு நிறைய பேரு நினைக்கிறோம். அப்படி வர்றதும் உண்டு. ஆனா போடி மலையில நாம பாக்குறதுல முக்காவாசி அந்த மலையே அந்த இடத்துலயே உண்டாக்குன மேகம், மலை இல்லன்னா அன்னைக்கு அந்த மேகமும் இல்ல.

காத்து மேல ஏறினா சில்லுன்னு ஆகும், அவ்வளவுதான் அடிப்படை. உச்சியில குளிரா இருக்குறதால ஏறுற காத்து குளுந்து போகுதுன்னு சொன்னா அது சரியில்ல. மேல போகப் போக காத்தழுத்தம் கம்மி, அதனால ஏறுற காத்து விரியுது, விரியுறதுக்கு ஆகுற சக்திய அது தன்னோட சூட்டுல இருந்தே எடுத்துக்குது. சைக்கிள் ட்யூப் வால்வை புடுங்கி விட்டா வர்ற காத்து விரல்ல சில்லுன்னு படுதுல்ல, அதே கதைதான். ஈரம் மேகமா மாறாத வரைக்கும் ஒரு கிலோமீட்டர் ஏறினா கிட்டத்தட்ட 10 டிகிரி குறையும். காத்துல இருக்குற ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்கிற வெப்பநிலைன்னு ஒண்ணு இருக்கு, பனிநிலைன்னு (dew point) சொல்லுவாங்க, அதுவும் ஏறும்போது குறையும், ஆனா கிலோமீட்டருக்கு ரெண்டு டிகிரிக்கும் கொஞ்சம் கம்மியாத்தான். ஒண்ணு வேகமா இறங்குது இன்னொண்ணு மெதுவா இறங்குது, ரெண்டும் எந்த உயரத்துல சந்திக்குதோ அங்க மேகத்தோட அடி.

இதுக்கு ஒரு சுளுவான கணக்கு இருக்கு. கீழ இருக்குற வெப்பநிலையில இருந்து பனிநிலைய கழிச்சுட்டு 125-ஆல பெருக்குங்க, வர்றது மீட்டர். ரெண்டுமே போன்ல இருக்குற வானிலை ஆப்லயே கெடைக்கும். போடியில 30 டிகிரி, பனிநிலை 20ன்னு வைங்க, வித்தியாசம் 10, அப்ப 1250 மீட்டர் ஏறணும், போடி ஏற்கனவே கடல் மட்டத்துல இருந்து சுமார் 350 மீட்டர்ல இருக்கு, ஆக 1600 மீட்டர்ல மேகம் தொடங்கும். மலை மேல இருக்குற டாப் ஸ்டேஷன் வியூ பாயிண்ட் 1700 மீட்டருக்கு மேல. அப்ப அன்னைக்கு மேல போய் வியூ பாயிண்ட்ல நின்னா வியூ இருக்காது, வெள்ளைதான் இருக்கும், வீட்டுல உக்காந்தே சொல்லிரலாம். கச்சிதமா வராதுதான், காத்து வேற பக்கத்துல இருந்து வந்தா கணக்கு தப்பும், ஆனா கிளம்பவான்னு யோசிக்கிறப்போ இது போதும்.

தென்மேற்கு பருவக்காத்து நாள்ல நடக்குறது இன்னும் சுவாரசியம். அரபிக்கடல் ஈரத்தோட வர்ற காத்து இடுக்கி பக்கம் ஏறுது, மேகமாகுது, மழையா கொட்டுது, மிச்சம் மேகம் உச்சிய தாண்டி நம்ம பக்கம் இறங்குது. இறங்குற காத்து அமுங்கி சூடாகும், சூடானா துளி எல்லாம் திரும்ப ஆவியாயிரும், அதனாலதான் பாதி மலையில மேகம் மாயமாகுது. கீழ இருந்து பாத்தா ஒரே மேகம் காலையில இருந்து அசையாம இருக்குற மாதிரி தெரியும், உள்ள போய் நின்னவங்களுக்குத்தான் தெரியும் என்ன காத்து அடிக்குதுன்னு, குடை எல்லாம் நிக்காது. மேகம் நிக்குது, துளி நிக்கல. கேரளா பக்கம் புதுசா துளி உண்டாகிட்டே இருக்கு, தமிழ்நாட்டு பக்கம் அழிஞ்சுட்டே இருக்கு, நடுவுல நமக்கு தெரியுறது ஒரு வடிவம் மட்டும்.

மழை கொட்டினதுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கு. ஆவி தண்ணியா மாறுறப்போ உள்ள ஒளிஞ்சிருந்த வெப்பத்தை வெளிய விட்டுரும், அதனால மேகத்துக்குள்ள ஏறுற காத்து கிலோமீட்டருக்கு 10 டிகிரி குறையாது, நம்ம ஊர் ஈரத்துக்கு நாலஞ்சு டிகிரிதான் குறையும். இறங்குறப்போ மேகம் கலைஞ்சிட்டா பழையபடி 10 டிகிரி ஏறும். கேரளா அடிவாரத்துல 27 டிகிரியில ஏற ஆரம்பிச்ச காத்து 2000 மீட்டர் உச்சியில 17 டிகிரிக்கு வந்து, தண்ணிய எல்லாம் அங்கயே கொட்டிட்டு போடிக்கு இறங்கினா 33 டிகிரியில வந்து சேரும். காகிதக் கணக்குதான் இது, எல்லா தண்ணியும் அங்கயே கொட்டுறதில்ல. ஆனாலும் மூணாறுல ஸ்வெட்டர் போட்டு நிக்குற அதே நேரத்துல தேனியில புழுதிக்காத்து அடிக்குறதுக்கு காரணம் இதுதான்.

பருவமழை இல்லாத மாசத்துல மலைக்கு ஒரு தினசரி டைம்டேபிள் உண்டு, தனியா நடக்குறவங்களுக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ராத்திரி மலைச்சரிவு சீக்கிரம் குளுந்துரும், அதை ஒட்டின காத்தும் குளுந்து கனமாகி சரிவு வழியா பள்ளத்துக்கு இறங்கி தேங்கும். கீழ குளிர், மேல அதைவிட வெதுவெதுப்பு, இப்படி தலைகீழா இருந்தா கீழ இருக்குற காத்து மேல வர முடியாது, மூடி போட்ட மாதிரி ஆயிரும். கொழுக்குமலையில விடியக்காலம் காலுக்குக் கீழ மேகக்கடல் தெரியுதே, அந்த மூடிக்கு அடியில மாட்டிக்கிட்ட மேகம்தான் அது. வெயில் ஏற ஏற சரிவு சூடாகி, ஒட்டின காத்து லேசாகி, சரிவைப் புடிச்சு மேல ஏற ஆரம்பிக்கும், பத்து பதினொரு மணிக்கு ஒரு சின்ன பஞ்சு உச்சிக்கு பக்கத்துல தெரியும், மதியத்துக்குள்ள உச்சி மூடிரும். மலை அடிவாரத்துல இருக்குற குரங்கணி கிராமத்து டீக்கடைல உக்காந்திருக்குற பெரியவங்க "தம்பி, வெயிலு ஏறுறதுக்குள்ள போயிட்டு இறங்கிருங்க"ன்னு சொல்றது இதைத்தான், வெயில் சுடும்னு சொல்றதா நினைச்சுக்காதீங்க.

குரங்கணியில இருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுற பாதையப் பத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன். மூணாறு டீத்தூள் ஒரு காலத்துல குண்டளை ரயில்ல டாப் ஸ்டேஷன் வந்து அங்க இருந்து ரோப்வேயில கொட்டகுடிக்கு இறங்கும், 1924 வெள்ளத்துல அந்த ரயில் அழிஞ்சு போச்சு. நல்ல பாதை. ஆனா லீவு கெடைச்சுது, ஷூவை மாட்டுனேன், கிளம்புனேன்னு போக முடியாது, 2018 மார்ச்சுல நடந்த காட்டுத்தீக்கு அப்புறம் வனத்துறை அனுமதி விஷயத்துல ரொம்ப கறார். நடை திடீர்னு முடிவு பண்ணதா இருக்கலாம், அனுமதி அப்படி இருக்க முடியாது.

மேகத்துக்குள்ள மாட்டினா என்ன ஆகும்? ஒரு கன மீட்டர் மேகத்துல இருக்குற தண்ணி பொதுவா அரை கிராமுக்கும் கம்மி. இவ்வளவு கொஞ்சம் தண்ணி எதிர்ல இருக்குற பாறைய மறைக்குதுன்னா, அது நூத்துல ஒரு மில்லிமீட்டர் அளவு துளியா கோடிக்கணக்குல சிதறிக் கெடக்குறதாலதான். அந்த அளவு துளி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால வெள்ளை. வெளிச்சம் எல்லா பக்கத்துல இருந்தும் ஒரே மாதிரி வர்றதால நிழல் விழாது, நிழல் இல்லன்னா மேடு எது பள்ளம் எதுன்னு கண்ணு ஏமாந்துரும், தெரிஞ்ச பாதையிலயே ஆளுங்க தடுமாறுறது இதனாலதான். துளி ஒவ்வொண்ணும் விழுற வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான், அதனால அது மழையா இறங்காது, ஒரு மழைத்துளிக்கு இந்த மாதிரி பத்து லட்சம் துளி சேரணும். ஆனா சோலைக்காட்டுக்குள்ள போனா மரத்தடியில மட்டும் சொட்டு சொட்டா விழுந்துட்டே இருக்கும், வெளிய வந்தா ஒண்ணும் இல்ல. இலையிலயும் கிளையில தொங்குற பாசியிலயும் காத்து கொண்டு வர்ற துளி மோதி ஒட்டி, சேர்ந்து, கனமாகி விழுது. மழைமானில ஏறாத இந்த தண்ணியும் ஓடைக்கு போய்ச் சேருது.

நம்ம சட்டையும் துளிய இதே மாதிரிதான் புடிக்கும். மழையே பெய்யாம அரை மணி நேரத்துல நனைஞ்சிருவோம், அதுல காத்தும் அடிச்சா 15 டிகிரியே நடுக்கம் குடுக்கும். காட்டன் பனியன் இதுக்கு மகா மோசம்.

காலையில வெயில் முதுகுல பட்டு எதிர்ல மேகம் இருந்தா உங்க நிழல் அதுல பெருசா விழும், தலையச் சுத்தி கலர் வளையமும் தெரியும். பக்கத்துல நிக்குறவருக்கு அவர் தலையச் சுத்தித்தான் தெரியும், உங்க தலையச் சுத்தி தெரியாது, ஏன்னா துளிகள் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புது, அவங்கவங்க கண்ணுக்கு அவங்கவங்க வளையம்.

இப்ப நிஜ எரிமலைக்கு வருவோம். இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸுக்கு சொந்தமான ரீயூனியன் தீவுல பித்தோன் த லா ஃபூர்னேஸ்னு ஒரு மலை, 2632 மீட்டர், நம்ம மீசப்புலிமலை 2640, ஏறக்குறைய ஒரே உயரம். 19-ம் நூற்றாண்டுல கரும்புத் தோட்டத்துக்கு கூட்டிட்டு போன தமிழ் ஆளுங்களோட வம்சம் இன்னைக்கும் அந்தத் தீவுல கோயில் கட்டி தீமிதி நடத்திட்டு இருக்காங்க. உலகத்துல அடிக்கடி வெடிக்கிற எரிமலைகள்ல அது ஒண்ணு, அடங்கி இருக்குற நாள்ல ஜனங்க நடந்து போய் பாத்துட்டு வருவாங்க. அங்கயும் இதே டைம்டேபிள்தான், விடியக்காலம் தெளிவா இருக்கும், அப்புறம் கடல்காத்தும் சரிவுக்காத்தும் சேர்ந்து மேகத்தை மேல ஏத்திரும், அதனால இருட்டோட கிளம்பிருவாங்க. மேகத்தைப் பொறுத்தவரைக்கும் மலை சார்னோகைட்டா லாவாவான்னு கவலை இல்ல, உயரமும் ஈரமும் இருந்தா போதும். அந்த மலைச்சரிவுல இருக்குற கொமெர்சன் பள்ளத்துல 2007 பிப்ரவரில புயல் வந்தப்போ மூணே நாள்ல 3929 மில்லிமீட்டர் மழை, தேனி பக்கம் நாலு வருஷம் பெய்யுற மழைய விட அதிகம். புயல் கொண்டு வந்த ஈரத்தை மலை இன்னும் மேல தூக்குனா இதான் நடக்கும்.

எரிமலை வாயில இருந்து வர்ற வெள்ளைப் புகையும் பெரும்பகுதி நீராவிதான், கூட கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் கலந்திருக்கும். சூடா வெளிய வர்ற ஆவி குளுந்து துளியாகுறப்போதான் அது கண்ணுக்கே தெரியும், அதனால ஈரமான காலையில புகை பெருசா தெரியும், காஞ்ச மதியத்துல அதே அளவு வாயு வந்தாலும் சின்னதா தெரியும். புகை பெருசாயிருச்சுன்னு பதறுறதும் சின்னதாயிருச்சுன்னு நிம்மதி ஆகுறதும் ரெண்டுமே தப்பு, அதனாலதான் விஞ்ஞானிங்க வெளிய வர்ற கந்தக வாயுவ கருவி வச்சு அளக்குறாங்க, கண்ணை நம்புறதில்ல.

தனியா நடக்குற ஆளுக்கு எரிமலை மேகம் நம்ம ஊர் மேகத்தை விட ஆபத்து. நம்ம மலையில வழி தப்பினா ஓடைச் சத்தம் கேக்கும், மரம் இருக்கும், தேயிலைத் தோட்ட வேலி வரும், எந்தப் பக்கம் இறங்குறோம்னு ஏதாவது ஒண்ணு சொல்லிரும் (ஓடையப் புடிச்சே இறங்கிராதீங்க, அது அருவியில கொண்டு போய் விட்டாலும் விட்டுரும்). புது லாவாவுல மழைத்தண்ணி நிக்காம உள்ள இறங்கிரும், ஓடை இருக்காது, மரமும் இல்ல, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கருப்புக் கல்லு. பசால்ட்ல மேக்னடைட்னு காந்தத்தன்மை உள்ள இரும்புத் தாது இருக்குறதால கல்லுக்குப் பக்கத்துல வச்சா காம்பஸ் முள்ளு கூட சில இடத்துல விலகும், போன்ல இருக்குற காம்பஸும் சேத்துத்தான். காத்து இல்லாத நாள்ல கார்பன் டை ஆக்சைடு கனம் காரணமா பள்ளத்துல தேங்கும், அதுக்கு வாசனை கெடையாது. பித்தோன் த லா ஃபூர்னேஸ்ல பாதை நெடுக பாறையில வெள்ளை பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க, மேகம் சூழ்ந்தா அடுத்த புள்ளி கண்ணுல படுற வரைக்கும் நின்ன இடத்தை விட்டு நகரக்கூடாது.