சோபின் போட்ட பென்சில் குறியை எப்படி அடையாளம் காண்பது?

பியானோ இசையமைப்பாளர் சோபினின் ஓபஸ் (படைப்பு எண்) 28, 20-ஆம் பிரெலூட் (குறும் பியானோ இசை) பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்றாம் பாரின் (தாளப் பகுதியின்) கடைசிக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஒரு பதிப்பில் சி மேஜராகவும் மற்றொன்றில் சி மைனராகவும் இருக்கிறதே, எதை வாசிப்பது?

அச்சுக்காகச் சோபின் எழுதிய பிரதியில் அந்தக் கார்டின் ஈ சுரத்துக்கு முன் ஃபிளாட் (சுரத்தை அரைப்படி இறக்கும்) குறி இல்லை; அப்படியானால் சி மேஜர், ஃபிளாட் இருந்தால் சி மைனர். அவரிடம் பயின்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜேன் ஸ்டர்லிங்கின் அச்சுப் பிரதியில் பென்சிலால் ஃபிளாட் சேர்க்கப்பட்டிருக்கிறது. பதிப்பாசிரியர்கள் இரண்டாகப் பிரிவது இந்த இடத்தில்தான்.

1831 முதல் 1849-இல் இறக்கும்வரை சோபினுக்குப் பாரிஸில் முக்கிய வருமானம் பாடம் சொல்லித்தருவதில் வந்தது. மாணவர் கொண்டுவரும் அச்சுப் பிரதியிலேயே விரல் எண், திருத்தம், அலங்காரம் எல்லாவற்றையும் குறித்துக் கொடுப்பார். ஸ்டர்லிங்கின் 7 தொகுதிகளும் மாணவி கமீய் ஓமீரா-துய்புவாவின் 3 தொகுதிகளும் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. சோபினின் அக்கா லுட்விகாவின் பிரதிகள் வார்சாவில்.

பிரதிகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கம். பாரிஸில் சோபினை அச்சிட்ட ஸ்லெசிங்கரின் பதிப்பகம் 1846-இல் பிராண்டூஸ் கைக்கு மாறியது. பிராண்டூஸ் பெயர் தாங்கிய பிரதியில் சோபினின் குறி இருந்தால் அது 1846-க்கும் 1849-க்கும் இடையில்தான் விழுந்திருக்க முடியும். இங்கிலாந்துப் பிரதியென்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே அந்தக் காலத்தில் கட்டைவிரலுக்குப் பெருக்கல் குறி, மற்ற நான்குக்கு 1 முதல் 4 வரை. கட்டைவிரலை 1 என்று எண்ணும் நமக்கு அந்த 2 என்பது 3. இதை மறந்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லா விரலும் ஒன்று தள்ளிப்போகும்.

அடுத்தது குறி எதனால் போடப்பட்டது, மையா பென்சிலா என்பது. அந்தக் கால இரும்பு மை அகச்சிவப்பு ஒளியில் மங்கிப்போகும்; பென்சிலின் கிராஃபைட் கறுப்பாகவே நிற்கும். அச்சு மையும் கார்பன் என்பதால் அச்செழுத்தின் மேல் விழுந்த பென்சிலை அகச்சிவப்பு பிரித்துக் காட்டாது. அங்கே விளக்கைத் தாளின் ஓரத்திலிருந்து சாய்வாக அடிக்க வேண்டும்: கிராஃபைட் மினுங்கும், அச்சு மை மினுங்காது. ரப்பரால் அழித்த எண்ணும் தாளில் பள்ளமாக நின்று நிழல் காட்டும். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு-வெள்ளைப் படத்தில் இவை எதுவும் தெரியாது. நூலகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது வண்ணத்தில், சாய்வொளியில் மறுபடி படமெடுக்கப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி எனக்கு மிகவும் பிடித்த குறி. பிரதான சுரத்துக்கு முன் சிறிய எழுத்தில் வரும் முன்சுரத்தின் தலையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று இறங்கி, இடக்கையின் பாஸ் (கீழ்) சுரத்தில் போய் முடியும். இரண்டையும் சேர்த்து அடி என்பது அதன் பொருள். முன்சுரத்தைத் தாளத்துக்கு முன்னாலேயே தட்டிவிட்டால் பாஸும் பிரதான சுரமும் ஒன்றாக விழும், முன்சுரம் வெறும் உரசலாகிவிடும். கோட்டின்படி வாசித்தால் பாஸோடு மோதுவது முன்சுரம். பிரதான சுரம் ஒரு கணம் தாமதித்து, பாடகர் குரலை வளைத்து ஏறுவதுபோல் வந்து சேரும். சோபின் இத்தாலியப் பாடகர்களைக் கேட்கச் சொன்னதன் பொருள் இந்த ஒரு கோட்டில் காதுக்குப் புரிந்துவிடும். சுருக்கிய ஸ்கேனில் இது தாள் மடிப்பாகத் தோன்றி விடுபடுவதும் உண்டு. ஸ்டர்லிங், துய்புவா இருவர் பிரதிகளிலும் இதே வகைக் கோடு வருவதால், அதை ஒரு மாணவியின் பழக்கமாக ஒதுக்க முடியாது. ஆசிரியரின் வழக்கமாகவே கொள்ளலாம்.

ஆனால் இரண்டு பிரதிகள் ஒத்துப்போனாலே இரண்டு சாட்சி ஆகிவிடாது. மாணவர்கள் ஒருவர் பிரதியைப் பார்த்து இன்னொருவர் எழுதிக்கொள்வார்கள். பிற்கால உரிமையாளரும் எண் போடுவார். எண்களின் வளைவு, பென்சில் அழுத்தம் இவற்றை அதே தொகுதியில் சந்தேகமில்லாத குறிகளோடு ஒப்பிட்டுத்தான் யார் கை என்று சொல்ல வேண்டும். விரல் எண் மட்டும் ஒத்துப்போகாவிட்டால் கலங்க வேண்டியதில்லை. அது மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு மாதிரி, அந்தக் கைக்கு மட்டுமானது. சோபின் தொட்ட பென்சில் என்றாலே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் மூடநம்பிக்கை இந்த இடத்தில்தான் ஆபத்து.

கேட்ட வாசகர் ஃபிளாட்டோடு, சி மைனராக வாசிக்கட்டும். விடுபட்ட குறியை ஆசிரியர் பாடத்தின்போது திருத்துவது இயல்பு. அதைப் பிழைதிருத்தமாகவே கொள்ளலாம். ஓபஸ் 9, 2-ஆம் நாக்டர்னில் (இரவின் மனநிலை கொண்ட பியானோ இசை) நிலைமை வேறு. வெவ்வேறு பிரதிகளில் வெவ்வேறு அலங்காரங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார், எல்லாமே அவருடையவை. பதிப்பு வாங்கும்போது ஒவ்வொரு மாற்றமும் யார் பிரதியிலிருந்து வந்தது என்று அடியில் குறித்திருக்கிறதா பாருங்கள். நாலைந்து பிரதிகளிலிருந்து பொறுக்கி எல்லா அலங்காரத்தையும் ஒரே வரியில் கோர்த்த பதிப்பு, சோபின் யாருக்குமே கற்றுக்கொடுக்காத நாக்டர்னைத்தான் தருகிறது.