எந்த அப்பாச்சி பதில் சொல்கிறது?

சென்னை மண்ணடியில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் எந்த மாடி ஏறினாலும் ஒரு கிளியரிங் ஆபீஸ் (சுங்க வேலையை முடித்துத் துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துத் தருபவர்கள்) இருக்கும். பலரிடம் இப்போது சொந்தமாக ஒரு சர்வரும் இருக்கிறது. கன்டெய்னர் எங்கே நிற்கிறது, டியூட்டி கட்டியாச்சா என்று பார்ட்டிகள் தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு வெப் பக்கம், கூடவே ஆவணங்களை ஏற்ற ஒரு வசதி. இவற்றைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. 'அப்டேட் எல்லாம் தானாவே ஓடுது' என்று சொல்கிற இடத்தில் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காருவேன்.

வெப் பக்கங்களை வெளியே கொடுக்கும் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் 2.4.49 பதிப்பில் இருந்த ஓட்டையின் கதை பழசுதான், ஆனால் இன்னும் முடியவில்லை. வெப் சர்வருக்கு ஒரு ஃபோல்டரைக் காட்டி, இதில் இருப்பதை மட்டும் வெளியே கொடு என்கிறோம். முகவரியில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வந்தால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று பொருள். அப்படியே ஏறி ஏறி வெளியே போய்விடாமல் தடுக்க வேண்டியது சர்வர். 2021 செப்டம்பரில் வந்த 2.4.49-இல் அந்தச் சோதனையை மாற்றி எழுதியிருந்தார்கள். இரண்டாவது புள்ளியைச் சதவீதக் குறி போட்ட குறியீடாக அனுப்பினால் அது புள்ளி என்றே சோதனைக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-41773 என்று இதற்கு எண். அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்து ஓட்டையை அடைத்தது. குறியீட்டையே இன்னொரு முறை குறியீடாக்கி அனுப்பினார்கள், மறுபடி திறந்துகொண்டது. அக்டோபர் 7 அன்று 2.4.51. அதோடுதான் சரியானது.

பாதிப்பு இந்த இரண்டு பதிப்புகளுக்கு மட்டும்தான். உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கும் 2.4.41 பார்க்கப் பழசு, ஆனால் இந்த ஓட்டை அதில் இல்லை. உபுண்டுக்காரர்கள் எண்ணை மாற்றாமலே திருத்தங்களை உள்ளே சேர்ப்பவர்கள் என்பதால், எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது.

ஒரு ஆபீஸில் நான் பார்த்தது இதற்கு நல்ல உதாரணம். சர்வரில் உபுண்டு, அப்டேட் ஒழுங்காக ஓடுகிறது, கமாண்ட் கொடுத்தால் 2.4.41 என்கிறது. வெளியிலிருந்து பக்கத்தைத் திறந்து, பதிலோடு சர்வர் அனுப்பும் தலைப்பைப் (ஹெடர்) பார்த்தால் 2.4.49! எப்போதோ வந்த ஒரு டெவலப்பர் டாக்கருக்குள் (மென்பொருளைத் தனிப் பெட்டி போல அடைத்து ஓட்டும் வசதி, அந்தப் பெட்டிக்கும் பெயர் கன்டெய்னர்தான்) தனியாக ஒரு அப்பாச்சியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது அதுதான். உபுண்டு அப்டேட் அதைத் தொடவே தொடாது. இமேஜை, அதாவது கன்டெய்னரை உருவாக்கும் அச்சை, மாற்றிக் கன்டெய்னரைப் புதிதாக எழுப்பினால்தான் உண்டு. (துறைமுகத்துக்காரர்களிடம் 'கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுடலாம்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கை!)

இதுகூடப் பிழைத்திருக்கும். அப்பாச்சியின் இயல்பான அமைப்பில் ரூட் ஃபோல்டர், அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டர், முழுவதற்கும் அனுமதி மறுப்புதான். அது அப்படியே இருந்தால் இந்த வித்தை பலிக்காது, 'அனுமதி இல்லை' என்று 403 வந்து நிற்கும். இங்கே அந்த வரியை யாரோ 'எல்லோருக்கும் அனுமதி' என்று மாற்றியிருந்தார்கள். பர்மிஷன் எரர் வந்திருக்கும், நெட்டில் பார்த்து ஒட்டியிருப்பார்கள். போதாக்குறைக்கு, வெப் முகவரி வழியே சர்வரில் புரோகிராம் ஓட்டவிடும் சிஜிஐ வேறு திறந்து கிடந்தது. இரண்டும் சேர்ந்தால் ஃபைலைப் படிப்பதோடு நிற்காது, வெளியாள் உள்ளே கமாண்டே ஓட்டலாம்.

"நம்மகிட்ட என்ன தம்பி இருக்கு திருடுறதுக்கு?" என்று கேட்டார் முதலாளி.

"பார்ட்டிங்களோட பான், ஆதார், ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி நம்பர் எல்லாம் அந்த ஃபோல்டர்லதான் பாய் இருக்கு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் பக்கத்துலயே."

அப்புறம் அவர் பேசவில்லை, டீ சொன்னார்.

உடனே இமேஜை மாற்றத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். டாக்கரின் அப்பாச்சி இமேஜ் லாக்கை, அதாவது யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவை, தனி ஃபைலில் எழுதாமல் டாக்கரிடம் கொடுத்துவிடும். பழைய கன்டெய்னரை நீக்கினால் லாக்கும் அதோடு போய்விடும், யார் வந்தார்கள் என்பதற்குச் சாட்சியே இருக்காது. அதனால் முதலில் வெளித் தொடர்பைத் துண்டித்து, லாக்கை வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் சிஜிஐ முகவரிக்குப் பின்னால் புள்ளியும் சதவீதக் குறியும் மாறி மாறி வரும் வரிகளைத் தேடினேன். இணையத்தில் இருக்கும் எந்த சர்வரையும் யாராவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள், அவற்றில் 403-உம் 404-உம் ('அப்படி ஒன்று இல்லை') வந்தால் கவலையில்லை. 200, அதாவது கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று வந்த வரிகளில் கடைசி எண்ணைப் பார்க்க வேண்டும், பதில் எத்தனை பைட் என்று சொல்வது அதுதான். இங்கே ஒரு வரியில் அந்த எண்ணும், சர்வரின் பயனர் பட்டியல் இருக்கும் பாஸ்வேர்ட் ஃபைலின் அளவும் அச்சாகப் பொருந்தின. படித்திருக்கிறார்கள்.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது: புது இமேஜ், ரூட்டுக்கு மீண்டும் மறுப்பு, சிஜிஐ நிறுத்தம், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மாற்றம். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. லாக்கை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதுவே. 'சின்ன ஆபீஸ்தானே' என்று பலர் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது.

உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் அடுத்த ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேசும்போது ஒன்று கேளுங்கள்: டாக்கருக்குள் ஓடுவதும் இந்தப் பணத்தில் அடக்கமா? ஆமாம் என்றால், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.